கேட்காமல் அழுத்திய ‘இல்லை’

நெல்லியடிச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். அடையாள அட்டை லமினேற் பண்ணுவது, விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என்று போய்க்கொண்டிருந்த கடைக்கு, பெற்றோல் வரிசையில் சனம் நாட்கணக்காக நின்ற அந்த வருடம் இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. எனக்குத் தைரொயிட் பிரச்சினை இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்குப் போய் டொக்டரைப் பார்க்க வழியில்லாமல், கொழும்பிலிருந்து நடத்தும் ஓர் இணைய வைத்திய சேவையைக் கைத்தொலைபேசியில் இறக்கி, பத்து நிமிடத்தில் நான் தினமும் போடும் குளிசைக்கு டொக்டரின் மருந்துத் துண்டு வாங்கினேன். தனியார் வைத்தியசாலையில் ஒரு முறை டொக்டரைப் பார்க்கக் கொடுக்கும் காசில் கால்வாசிகூட இல்லை. அதை நான் கடையிலேயே பிறின்ற் எடுத்ததைப் பார்த்த பக்கத்துக் கடைக்காரி, தன் பிறசர் குளிசைக்கும் கேட்டாள். பிறகு அவளுடைய அக்கா. பிறகு அவர்கள் சொல்லி அனுப்பியவர்கள்.

பெரும்பாலும் ஒரே குளிசையை வருடக்கணக்காகப் போடுகிறவர்கள். பிறசர், சீனி வருத்தம், கொலஸ்ரரோல். பழைய துண்டைக் கொண்டுவருவார்கள். நான் படம் எடுத்து ஏற்றுவேன். டொக்டர் திரையில் வருவார், இரண்டு வார்த்தை கேட்பார், புதுத் துண்டு வரும்.

டொக்டர் வருவதற்கு முன்னால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஏழு கேள்விகள். மருந்து ஒவ்வாமை இருக்கிறதா, ஆஸ்துமா இருக்கிறதா, கர்ப்பமா, சிறுநீரக நோய் உண்டா, இப்படி. ஒவ்வொன்றுக்கும் கீழே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டங்கள். முதல் மாதங்களில் நான் எல்லாவற்றையும் சத்தமாக வாசித்துக் கேட்டேன். “பிறசர் குளிசைக்கு உதெல்லாம் ஏன் பிள்ளை?” என்று அலுத்துக்கொண்டார்கள். எழுபது வயது மனிசியிடம் கர்ப்பமா என்று கேட்டபோது, வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மெல்ல மெல்ல வாசிப்பதை விட்டேன். ஏழு தரம் ‘இல்லை’யை அழுத்த எனக்கு ஐந்து விநாடிகூட வேண்டியதில்லை.

அந்த அக்கா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிபோல. வல்வெட்டித்துறையிலிருந்து வஸ் ஏறி வந்திருந்தா. அறுபதை நெருங்கும் வயது, ஒடிசலான உடம்பு, கையில் ஒரு துணிப்பை. அதற்கு முன் நான் அவவைக் கண்டதில்லை. யாரோ சொல்லி வந்ததாகச் சொன்னா. கடையில் உயர்தரப் பிள்ளைகள் மூன்று பேருக்கு வினாத்தாள் கொப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். இயந்திரம் கடதாசியை இழுத்து இழுத்துச் சிக்க வைத்துக்கொண்டிருந்தது. அவவைச் சுவரோரம் கிடந்த நீள வாங்கில் இருக்கச் சொன்னேன்.

இருந்தபடி எதை எதையோ கதைத்தா. வெளிநாட்டில் இருக்கிறவர்களின் மாடிவீடு ஒன்றைப் பார்த்துக்கொண்டு அதன் பின்பக்கத்து அறையில் இருப்பதாக, பக்கத்தில் போட் எஞ்சின் திருத்துகிறவர்கள் நாள் முழுக்க இரைச்சல் போடுவதாக. நான் “ஓம், ஓம்” என்றுகொண்டே கடதாசியை உருவிக்கொண்டிருந்தேன். இடையில் அவ இருமினா. பைக்குள்ளிருந்து நீல நிறத்தில் ஏதோ ஒன்றை எடுத்து வாயில் வைத்து இழுத்தா. அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பிறகு எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பொய்.

அவவின் முறை வந்தது. பழைய துண்டில் பிறசர் குளிசை ஒன்றுதான். படம் எடுத்தேன், ஏழு ‘இல்லை’களையும் அழுத்தினேன். அவவிடம் சாதாரண பட்டன் போன்தான். ஆகவே வழக்கம்போல என் இலக்கத்தில்தான் பதிவு. விலாசம் என்ற இடத்தில் ஊரின் பெயரை மட்டும் போட்டேன்.

திரையில் வந்தவர் தமிழ் டொக்டர், இளமையானவர், கொழும்புப் பேச்சு. இணைப்பு வெட்டி வெட்டி வந்ததால் நடுவில் நான்தான் நின்று கதைத்தேன். அக்கா திரையின் மூலையில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துத் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டிருந்தா.

“ரெண்டு மூண்டு மாதமாக் கையும் நடுங்குது, நெஞ்சும் படபடக்குது எண்டு கேளுங்கோ பிள்ளை” என்றா.

நான் சொன்னேன். டொக்டர், “வேற ஏதாவது மருந்து எடுக்கிறாங்களா? ஆஸ்துமா, அலர்ஜி ஏதும் இருக்கா?” என்று கேட்டார்.

“இல்லை டொக்டர், போர்மிலை போட்டிருக்கிறன்” என்றேன்.

அவவின் பக்கம் திரும்பக்கூட இல்லை. அந்த நேரம் வாசலில் இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

டொக்டர் பழைய குளிசையையே தொடரச் சொன்னார். இரத்தப் பரிசோதனை ஒன்று எழுதினார். நடுக்கத்துக்கும் படபடப்புக்கும் என்று இரண்டு கிழமைக்குப் புதிதாக ஒரு குளிசையும் சேர்த்தார். புரோப்ரனோலோல், காலையும் மாலையும். நான் துண்டைப் பிறின்ற் எடுத்துக் கொடுத்தேன். அவ இரண்டு கையாலும் வாங்கி, “பெரிய உதவி பிள்ளை” என்று சொல்லிவிட்டுப் போனா.

ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்காகக் கடையைப் பூட்டும்போது வாங்கில் கிடந்த பத்திரிகையை எடுத்தேன். அடியில் நீல நிறப் பம்ப் ஒன்று கிடந்தது. ஆஸ்துமாக்காரர் மூச்சு முட்டும்போது வாயில் வைத்து அடிப்பது.

முதலில் வந்த நினைப்பு, ஐயோ மறந்துவிட்டுப் போய்விட்டாவே என்பதுதான். அடுத்த நினைப்பு வர சில விநாடிகள் எடுத்தன. வந்ததும் போனைத் திறந்து அவவுடைய படிவத்தைப் பார்த்தேன். இரண்டாவது கேள்வி. ஆஸ்துமா: இல்லை.

பம்பையும் போனையும் பிடித்தபடி எதிர்ப்பக்க மருந்துக்கடைக்கு ஓடினேன். அங்கிருக்கும் அண்ணை இருபது வருடமாக மருந்து கொடுக்கிறவர்.

“அண்ணை, இந்தக் குளிசை ஆஸ்துமாக்காரர் போடலாமோ?”

அவர் போனில் குளிசையின் பெயரை வாசித்துவிட்டு நிமிர்ந்தார். “உது முட்டுக்காரருக்குக் குடுக்கப்படாது தங்கச்சி. மூச்சுக் குழாயை இறுக்கிப் போடும். ஆருக்கு?”

“காலமை வந்த ஒரு அக்காவுக்கு. ஒல்லியா, துணிப்பையோடை.”

அவர் முகம் மாறியது. “அவா இஞ்சைதானே வாங்கினவா. எப்ப போடுறதெண்டு கேட்டவா. சாப்பிட்டிட்டு முதல் குளிசையைப் போடுங்கோ எண்டு சொல்லி விட்டனான். முட்டு இருக்கெண்டு ஒரு வார்த்தை சொல்லேல்லையே.”

அவர் என் கையிலிருந்த பம்பைப் பார்த்தார். பிறகு, “எந்த இடம் அவா? கெதியா ஆளைப் பிடியுங்கோ. போட்டிருந்தால் ஆசுப்பத்திரிக்குத்தான் கொண்டு போகவேணும்” என்றார்.

சேவையின் இலக்கத்துக்கு அழைத்தேன். உங்கள் முறை வரும்வரை காத்திருக்கவும் என்று ஒரு குரல் மூன்று மொழியிலும் சொல்லிக்கொண்டிருந்தது. காத்திருக்க முடியவில்லை. ஸ்கூட்டியை எடுத்தேன்.

நெல்லியடியிலிருந்து உடுப்பிட்டி வழியாக வல்வெட்டித்துறைக்குப் போக எனக்கு வழக்கமாகக் கால்மணி நேரம் வேண்டும். அன்றைக்கு எவ்வளவு எடுத்தது என்று தெரியாது. வெயில் தார்றோட்டில் நின்று அடித்தது. வழியில் ஒரு மினிவஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு நின்றது. அதற்குள் அவ இருப்பாவோ என்று நிறுத்தி யன்னல் யன்னலாகப் பார்த்தேன். இல்லை. மறுபடி ஓடத் தொடங்கிய பிறகுதான் யோசித்தேன், எங்கே போவது? எனக்கு அவவின் பெயர் தெரியும், ஊர் தெரியும். அவ்வளவுதான். வேறென்ன சொன்னா? வாங்கில் இருந்தபடி என்னென்னவோ சொன்னாவே? கடதாசி சிக்கிய சத்தம் மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது.

சந்தியில் ஒரு பலசரக்குக் கடையில் பெயரைச் சொல்லிக் கேட்டேன். கடைக்காரர் யோசித்து, கோயிலடி ஒழுங்கையில் அந்தப் பெயரில் ஒருவர் இருக்கிறா என்றார். போனேன். கதவைத் திறந்தது நல்ல பருமனான, கண்ணாடி போட்ட ஓர் அம்மா. “என்ன பிள்ளை, ஆரைத் தேடுறீங்கள்?” என்று கேட்டு, பதில் வருவதற்குள் இருக்கச் சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டா. நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பினேன்.

ஸ்கூட்டியை எடுக்கும்போது, கடற்கரைப் பக்கமிருந்து ஒரு எஞ்சினை முடுக்கிப் பார்க்கிற சத்தம் கேட்டது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாடிவீடு. போட் எஞ்சின் திருத்துகிற இடம். நாள் முழுக்க இரைச்சல்.

சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனேன். கொட்டகைக்குள் எண்ணெய்க் கையோடு ஒருவர் நின்றார். நான் கேட்டு முடிக்க முதலே, “இந்த வீட்டைப் பாக்கிற அக்காவோ? இப்பதான் கேற்றைத் திறந்துகொண்டு போனவா. முகம் ஒரு மாதிரிக் கிடந்தது. நான் என்னக்கா எண்டு கேட்டதுக்கும் கதைக்கேல்லை” என்றார்.

பின்பக்கத்து அறையின் கதவு திறந்தே இருந்தது. அக்கா கட்டிலின் விளிம்பில் இருந்தா. இரண்டு கையையும் துடையில் ஊன்றியிருந்தா, தோள் இரண்டும் மேலே ஏறி ஏறி இறங்கின. துணிப்பையிலிருந்ததெல்லாம் நிலத்தில் கொட்டிக் கிடந்தது. என் கையில் பம்பைக் கண்டதும் கையை நீட்டினா. வார்த்தை வரவில்லை. நான் ஓடிப்போய்க் கொடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று தரம் அடித்தா. வழக்கமாக அடித்ததும் கொஞ்சம் இறங்க வேண்டும் போலிருக்கிறது. இறங்கவில்லை. என்னைப் பார்த்தா. அந்தப் பார்வையில் பயம்தான் இருந்தது.

“அக்கா, அந்தப் புதுக் குளிசையைப் போட்டனீங்களோ?”

தலையை ஆட்டினா. விரலால் ஒன்று என்று காட்டினா. துண்டு துண்டாகச் சொன்னா: “வஸ் ஸ்ராண்டிலை... பணிஸ் வாங்கி... பிளேன்ரீயோடை...”

எஞ்சின் திருத்துகிறவரைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் றோட்டால் போன ஒரு ஓட்டோவை மறித்தார். அவவை இரண்டு பேருமாகத் தாங்கி ஏற்றினோம். ஆசுப்பத்திரி தூரமில்லை. ஆனால் அந்தச் சில நிமிடங்களும் அவவின் நெஞ்சுக்குள்ளிருந்து வந்த விசில் சத்தத்தை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் அந்தச் சத்தம் குறைந்தது. நல்லது என்று நினைத்தேன். குறைவதுதான் கூடப் பயப்பட வேண்டியது என்று பிறகு சொன்னார்கள்.

ஆசுப்பத்திரியில் இருந்தது ஓர் இளம் பெண் டொக்டர். பார்த்த உடனேயே கட்டிலில் ஏற்றி, முகத்தில் மூடியைப் போட்டு மருந்துப் புகை கொடுக்கச் சொன்னா. ஒட்சிசன் போட்டார்கள், கையில் ஊசி ஏற்றினார்கள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். டொக்டர் என்னிடம், “கடைசியா என்ன மருந்து எடுத்தவா?” என்று கேட்டா. துண்டைப் போனில் காட்டினேன். வாசித்ததும் அவவின் குரல் உயர்ந்தது.

“ஆஸ்துமா இருக்கிற ஆளுக்கு ஆர் இதை எழுதினது? கேக்கேல்லையோ அவை?”

இப்போது சொல்ல வேண்டியது ஒரே ஒரு வசனம். நான்தான் கேட்காமல் போட்டேன் என்று. என் வாயிலிருந்து வந்தது வேறு.

“கேட்டதுக்கு இல்லையெண்டுதான் சொன்னது டொக்டர்.”

யார் சொன்னது என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. டொக்டர் அக்காவைத் திரும்பிப் பார்த்து, “ஏனம்மா வருத்தத்தை மறைக்கிறனீங்கள்? உயிர் போற விசயமல்லோ” என்றா. அதை அவவின் ஆசுப்பத்திரித் துண்டில் எழுதினா. அக்கா மூடிக்குள்ளிருந்து கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா. பிறகு மூடிக்கொண்டா.

கொஞ்ச நேரத்தில் அம்புலன்ஸில் பெரிய ஆசுப்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவவின் மச்சாள், கணவரின் தங்கச்சி, செய்தி கேட்டு ஓடிவந்து கூடப் போனா. போகும்போது என் இரண்டு கையையும் பிடித்து, “நீங்கள் வந்திருக்காட்டில் அண்ணியை உயிரோடை கண்டிருக்க மாட்டம்” என்று அழுதா. நான் கையை உருவிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் நடந்தது முழுவதையும் என் கணவரிடம் சொன்னேன். உண்மையைப் போய்ச் சொல்லவேண்டும் என்றும் சொன்னேன்.

“இப்ப அவாவுக்கு எப்பிடி?”

“மூச்சு சீராகுதெண்டு மச்சாள் போன் பண்ணிச் சொன்னவா.”

“அப்ப ஏன் வலியப் போய்ச் சொல்லப்போறாய்? நீதானே பம்பைக் கொண்டு போனது, நீதானே ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனது. பொலிஸ் கிலிஸ் எண்டு வந்தால் கடையையும் பூட்டவேண்டி வரும்.”

அவர் சொன்னதில் பிழை சொல்ல என்னால் முடியவில்லை. எனக்கும் அதே பயம்தான். ஆனால் சாப்பிட முடியவில்லை. விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

அடுத்த நாள் மதியம், நோயாளரைப் பார்க்க விடும் நேரத்துக்குப் பெரிய ஆசுப்பத்திரிக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று நினைத்துத்தான் போனேன். அக்கா தலையணைகளில் சாய்ந்து இருந்தா. மூடியை எடுத்திருந்தார்கள், மூக்கில் மெல்லிய குழாய் மட்டும். மச்சாள் பக்கத்தில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தா.

“வாங்கோ, வாங்கோ” என்று எழும்பினா. “பாருங்கோ இவவை. வாறவை போறவையெல்லாம் ஏசினம். நேர்சும் ஏசுறா, டொக்டரும் ஏசுறார். ஏன் மறைச்சனீங்கள் எண்டு. நானும் கேட்டுப் பாத்திட்டன், வாயைத் திறக்கிறா இல்லை. இருக்கிற வருத்தத்தை இல்லையெண்டு சொல்லுறதுக்கு என்ன கலியாணம் பேசுற குமர்ப்பிள்ளையோ?”

அக்கா போர்வையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தா. நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. கொண்டுபோன பிஸ்கற் பெட்டியை அலுமாரியின் மேல் வைத்துவிட்டு, சுகமா என்று கேட்டுவிட்டு, ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

அன்று கடையைத் திறந்தேன். குளிசைத் துண்டுக்காக வந்த இரண்டு பேரை, இணைப்பு வேலை செய்யவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். மருந்துக்கடை அண்ணை வீதியைக் கடந்து வந்து விசாரித்தார். “அந்த மனிசி என்னட்டையும் சொல்லேல்லை, உங்களிட்டையும் சொல்லேல்லை. நாங்கள் என்ன செய்யிறது?” என்றார். என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னார். அவர் போன பிறகு, ஒரு பொய் எத்தனை பேருடைய வாயில் போய் உட்கார்ந்துவிட்டது என்று எண்ணிப் பார்த்தேன். ஆசுப்பத்திரி டொக்டர், நேர்ஸ்மார், மச்சாள், அண்ணை. எல்லோரும் அவவைத்தான் பிழை சொன்னார்கள்.

மூன்றாம் நாள் மறுபடி போனேன். மச்சாள் சாப்பாடு எடுக்க வீட்டுக்குப் போயிருந்தா. அது என் அதிர்ஷ்டமோ என்னவோ. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே சொன்னேன். கதிரையில் இருந்துவிட்டால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

“அக்கா, நான் உங்களிட்டை அந்தக் கேள்வியைக் கேக்கேல்லை. நானே இல்லையெண்டு அழுத்தினனான். டொக்டர் கேட்டபோதும் நானே இல்லையெண்டு சொன்னனான். ஆசுப்பத்திரியிலை பயத்திலை உங்கடை தலையிலை போட்டிட்டன்.”

அவ என்னை நிமிர்ந்து பார்த்தா. ஏசுவா என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“கேக்கேல்லையோ?” என்றா மெதுவாக.

“இல்லை.”

“நான் ரெண்டு நாளா யோசிச்சுக்கொண்டு கிடக்கிறன் பிள்ளை. நீ கேட்டிருப்பாய், எனக்குத்தான் விளங்கேல்லையாக்கும் எண்டு. ஆஸ்துமா எண்டு சொன்னால் எனக்கு உடனை பிடிபடாது, நாங்கள் முட்டெண்டுதானே சொல்லுறது. நீ படிச்ச பிள்ளை, கேக்காமல் எழுத மாட்டாய் எண்டு நினைச்சன். என்ரை மூளைதான் கலங்கிப் போச்செண்டு...” இடையில் மூச்செடுக்க நிறுத்தினா. “கை நடுங்கினதும் அதாலைதான், இனிப் புத்தியும் போகப்போகுதெண்டு பயந்துகொண்டு கிடந்தனான்.”

எனக்கு அழுகை வந்தது. அவவுக்கு வரவில்லை. குரல் இறுகியிருந்தது.

“என்னட்டைச் சொல்லி என்ன செய்யிறது? என்ரை ஆசுப்பத்திரித் துண்டிலை எழுதிக் கிடக்கு, நான் மறைச்சதெண்டு. இனி எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் அதைப் பாத்துப் பாத்து ஏசுவினம். டொக்டரிட்டைப் போய்ச் சொல்லு.”

“ஓமக்கா.”

“இப்ப போ. அவர் இப்ப வார்ட்டிலைதான் நிக்கிறார்.”

வார்ட்டின் கடைசித் தொங்கலில் மேசையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தார் டொக்டர். ஐம்பது வயது இருக்கும். பக்கத்தில் இரண்டு நேர்ஸ்மார். தனியாகக் கதைக்கலாமா என்று கேட்க நினைத்து, விட்டேன். அக்காவை எல்லோருக்கும் முன்னால்தானே ஏசினார்கள். அந்த இருவரும் கேட்கவே சொன்னேன். அவர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டார்.

“நீங்கள் மருத்துவம் ஏதும் படிச்சனீங்களோ?”

“இல்லை டொக்டர்.”

“அப்ப நோயாளியின்ரை வாயாலை வரவேண்டிய பதிலை நீங்கள் எப்பிடிச் சொல்லுவீங்கள்?”

இன்னும் கோபமாக ஏதோ சொல்லப் போனவர், என் முகத்தைப் பார்த்தோ என்னவோ நிறுத்திக்கொண்டார். அக்காவின் ஆசுப்பத்திரித் துண்டை எடுத்துவரச் சொல்லி, எழுதியிருந்ததை ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் வேறு எழுதிக் கையெழுத்து வைத்தார். பிறகுதான் விளக்கமாகச் சொன்னார். அக்கா சில மாதமாகக் கிளினிக்குக்குப் போகாமல், மூச்சு முட்டும்போதெல்லாம் அந்த நீலப் பம்பையே திரும்பத் திரும்ப அடித்துச் சமாளித்திருக்கிறா. கை நடுங்கியதும் நெஞ்சு படபடத்ததும் அந்தப் பம்ப் கூடிப்போனதால்தான். ஆஸ்துமா என்ற ஒரு சொல் அந்தக் கொழும்பு டொக்டரின் காதில் விழுந்திருந்தால், அவர் அந்தக் குளிசையை நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்.

“உந்தச் சேவையைப் பிழை சொல்லேல்லை நான்” என்றார். “இஞ்சை வர ஏலாத சனத்துக்கு அது நல்லதுதான். ஆனால் கேக்கிறதைக் கேக்கவேணும்.”

திரும்பி வந்து அக்காவிடம் மாற்றி எழுதிவிட்டார் என்று சொன்னேன். தலையாட்டினா. ஒரு நேர்ஸ் வந்து, “மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா, தெரியாமல் ஏசிப்போட்டன்” என்றா. அக்கா அதற்கு, “பறவாயில்லைப் பிள்ளை” என்று சொன்னா. எனக்கு அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்த்து நின்றேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அன்று பின்னேரம் சேவையின் இலக்கத்துக்கு மறுபடி எடுத்து, நடந்ததை எழுத்திலும் அனுப்பினேன். ஒரு மணித்தியாலத்தில் அந்த இளம் டொக்டரே அழைத்தார்.

“இப்ப அவங்க எப்படி இருக்காங்க?” அதுதான் முதல் கேள்வி. தேறிவிட்டா என்றதும் நீளமாக மூச்சு விட்டது கேட்டது. “நீங்க பதில் சொன்னதும் நானும் விட்டுட்டேன். அவங்க முகத்தைப் பார்த்து நேரா கேட்டிருக்கணும். லைன் கட் ஆகுது, அடுத்த ஆள் வெயிட் பண்றாங்கன்னு அவசரப்பட்டேன். என்னோட தவறும் இருக்கு.”

பிறகு, மற்றவர்களுக்காக ஒரே இலக்கத்தில் பதிவு செய்வதை இனி அனுமதிக்க மாட்டோம், ஒவ்வொருவரும் தங்கள் இலக்கத்தில்தான் வர வேண்டும் என்று சொன்னார். என் கணக்கை ஒரு மாதம் நிறுத்தி வைத்தார்கள். பொலிஸ் வரவில்லை. அக்கா யாரிடமும் முறையிடவில்லை.

அந்த மாதம் முடிந்ததும் இந்த வேலையே வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் முழங்கால் மடிக்க முடியாத ஒரு ஐயா புத்தூரிலிருந்து தன் சீனிக் குளிசைக்காக ஓட்டோ பிடித்து வந்து வாசலில் நின்றபோது திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. அவருடைய போனிலேயே பதிவு செய்தேன். ஏழு கேள்வியையும் வாசித்தேன். ஆஸ்துமா என்ற இடத்தில், “முட்டு, இழுப்பு, சின்ன வயசிலையெண்டாலும் இருந்ததோ?” என்று கேட்டேன். பம்ப் பாவிக்கிறீர்களா என்றும் கேட்டேன். அவர் எரிச்சல்பட்டார். பின்னால் நின்றவர்கள் நேரத்தைப் பார்த்தார்கள். நான் கட்டத்தைத் தொட முதல் அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அப்படித்தான். ‘இல்லை’ என்று அழுத்தும் ஒவ்வொரு முறையும் விரல் ஒரு விநாடி நிற்கிறது. துண்டு வாங்கிப் போனவர்களில் யாராவது சொல்லாமல் விட்டிருப்பார்களோ என்று பின்னேரம் கடையைப் பூட்டும்வரை மனம் அலைகிறது.

அக்கா அதன் பிறகு என் கடைக்கு வரவில்லை. மாதாமாதம் ஆசுப்பத்திரிக் கிளினிக்குக்குப் போகிறா என்றும், வேறு பம்ப் கொடுத்திருக்கிறார்கள், கை நடுக்கம் நின்றுவிட்டது என்றும் மச்சாள் ஒருநாள் சொன்னா. சில கிழமைக்கு முன் நெல்லியடிச் சந்தைக்குள் நேருக்கு நேர் கண்டேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றா. கொஞ்சம் உடம்பு வைத்திருந்தது.

“சுகமோ அக்கா?”

“ஓம் பிள்ளை, இருக்கிறன். உன்ரை கடை எப்பிடி?”

“போகுது அக்கா.”

அவ தலையாட்டிவிட்டு முருங்கைக்காய்க் கட்டைப் பைக்குள் வைத்தா. நான் இன்னும் ஏதாவது சொல்லுவேன் என்று நின்றது போலிருந்தது. அல்லது நான்தான் அப்படி நினைத்தேனோ தெரியாது. சந்தை வாசலில் வல்வெட்டித்துறை வஸ் வந்து நின்றது. “வாறன் பிள்ளை” என்று சொல்லிவிட்டு, அவசரப்படாமல் நடந்துபோய் ஏறினா.